பின்சக்கரத்தப் பாரு

நிக்கேன். நல்லாத்தான் நிக்கேன். ரெண்டு காலும் பெடல்ல இருக்கு, தோல்வாரக் கோச்சு கனகராஜ் சார் இழுத்து இறுக்கி விட்டுட்டாவ, இனி யாராவது வந்து குனிஞ்சு அவுத்து விட்டாத்தான் கால் வெளிய வரும். பிரேக்கு கிடையாது இந்தச் சைக்கிளுக்கு. சும்மா உருளவும் செய்யாது. சக்கரம் சுத்துனா பெடலும் சுத்தும், பெடல் சுத்துனா காலும் சுத்தணும், வேண்டாம்னு கால நிறுத்துனோம்னா ஆளையே தூக்கிப் போட்டிரும். அதுல ஏறி ஓட்டாம ஒரே இடத்துல நிக்கேன். ஒரு கை தூரத்துல, எனக்கு வலப்பக்கம், சிமெண்டு சரிவுல கொஞ்சம் மேல, பிலோமினா நிக்கா. அவளும் நிக்கா. ரெண்டு பேருக்கும் முன்சக்கரம் மேட்டப் பாத்துத் திரும்பியிருக்கு. ஒரு விரக்கடை மிதிச்சா ஏறும், விட்டா எறங்கும், ஏறும், எறங்கும். பாக்கறவங்களுக்கு ரெண்டு கோட்டிக்காரிக அசையாம நிக்காளுவன்னு தோணும். ரேஸுன்னு சொல்லி டிக்கெட்டு குடுத்துட்டு இது என்ன கூத்துன்னு தோணும். முன்னால போறவதான் காத்தக் கிழிச்சுக்கிட்டுப் போகணும், பின்னால வாறவ அவ முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு நோகாம வந்து கடைசி இருநூறு மீட்டர்ல தாண்டிப் போயிருவா. அதனால நீ முன்னால போ, இல்ல நீ முன்னால போன்னு நிக்கிறது. விதிப்படி மூணு நிமிஷம் நிக்கலாம். அதுக்கு மேலன்னா நடுவர் விசிலடிச்சு முன்னால இருக்கறவளப் போகச் சொல்லுவாரு. முன்னால இருக்கறவ நான்தான். சக்கரம் ஒரு முழம் முந்தி நிக்கி, அவ்வளவுதான். இது லூதியானா, டிசம்பர் மாசம், மத்தியானம் மூணு மணிக்கே வெயிலுக்குக் காய்ச்சல் கண்டது மாதிரி இருக்கு. மூக்கு ஒழுகுது. தொடைக்க முடியாது. மேலுதட்டுல வந்து நிக்கி, சவம், அது பாட்டுக்கு நிக்கட்டும்.

ஆளுக்கொரு ஓட்டம் ஜெயிச்சாச்சு. இது மூணாவது. இதுல ஜெயிச்சவ தேசிய சாம்பியன், அவளுக்குத்தான் ஆசியப் போட்டிக்கு ஒரே ஒரு இடம். எனக்குக் கிடைச்சா எட்டாவது தங்கம். அவளுக்குக் கிடைச்சா முதல். எனக்கு முப்பத்திமூணு, அவளுக்கு இருபத்திரண்டு. ரெண்டு பேருமே ரயில்வே, ஒரே அணி, ஒரே ஹாஸ்டல் ரூம்ல ஒரே ஹீட்டர்ல வெந்நீர் வச்சுக் குளிச்சோம் காலைல. எதுக்கு இதெல்லாம் யோசிக்கேன்? யோசிக்காம இருக்கத்தான் யோசிக்கேன். ஏன்னா நின்னு ஒரு முப்பது செகண்டு ஆகியிருக்கும், அப்பதான் அவ சொன்னா. உதடு அசையாம, முகத்த எங்கயோ வச்சுக்கிட்டு, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா. "அக்கா, உங்க பின்சக்கரத்தப் பாருங்க. டயர் எழும்புது." அவ்வளவுதான். எழும்புது. எழும்புதுன்னா? எங்க டயரு வீட்டுச் சைக்கிள் டயரு கணக்கா விளிம்புக்குள்ள சொருகி நிக்காது. உருட்டுக் குழாயா இருக்கும், ரிம்மு மேல பசை தடவி ஒட்டணும். பசை விட்டா எழும்பும். எழும்பின டயரோட நான் வளைவுல அறுபது கிலோமீட்டர் வேகத்துல போனேன்னா அது உருவிக்கிட்டு வந்திரும், வெறும் ரிம்மு சிமெண்டுல வழுக்கும், கால் பெடல்ல கட்டிக் கிடக்கும், நான் சைக்கிளோட சேந்து போவேன். ஒரு பையன் அப்படிப் போனத நான் பாத்திருக்கேன். அதுக்குப் பிறகு அவன் பேசறது யாருக்கும் வெளங்கல. அவங்கம்மைக்கு மட்டும் வெளங்கும்னு சொன்னாவ.

பாத்துரலாம்லா? குனிஞ்சு ஒரு பார்வை. இடது அக்குளுக்குக் கீழ தலையக் கொண்டு போகணும், ஒரு செகண்டு, ஒன்றரை செகண்டு. அது போதும் அவளுக்கு. நான் தல குனியறப்போ அவ மேட்டுலருந்து சரிவுல விழுந்து பாய்ஞ்சா நான் நிமிர்றதுக்குள்ள முப்பது மீட்டர், அத எந்தக் கொம்பனாலயும் பிடிக்க முடியாது. கையத் தூக்கலாம். சைக்கிள்ல கோளாறுன்னு கையத் தூக்குனா நடுவர் வந்து டயர அமுக்கிப் பாப்பாரு. கோளாறு நிசந்தான்னா ஓட்டம் மறுபடி முதல்லருந்து. கோளாறு இல்லன்னா கையத் தூக்குனவ தோத்தா, சோலி முடிஞ்சுது, எட்டாவதும் இல்ல ஆசியாவும் இல்ல. பாக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது, போகவும் முடியாது. நகந்து பாத்தா தெரியும், ஆனா நகந்தா நான் முன்னால போயிட்டேன்னு ஆயிரும். ஒரு விரக்கடை ஏறுது, ஒரு விரக்கடை எறங்குது. பின்னால ஏதும் லொடலொடங்குதா? இல்ல. இருந்தாலும் கேக்காது, அங்க ஒருத்தன் வறுத்த கடலைக்குக் கத்திக்கிட்டே இருக்கான். மூங்ஃபலி, மூங்ஃபலி. எவனாவது அவன் வாயப் பொத்துங்களேன். ஒரு பொட்டலம் வாங்கிக் குடுத்துப் பொத்துங்களேன்.

நிக்கிறது எனக்குப் புதுசா? நின்னே பேரு வாங்குனவ நானு. பேப்பர்ல எழுதுவான் மின்னல் வேக வீராங்கனை சண்முகவடிவுன்னு. மின்னலாவது வேகமாவது. எனக்கு வேகம் ரெண்டாவதுதான், நிக்கிறதுதான் முதல். பாளையங்கோட்டையில எங்க பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுல ஸ்லோ சைக்கிள் ரேஸ்னு ஒண்ணு வைப்பாவ, எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உண்டு, கடைசியா வாறவதான் ஜெயிச்சவ. கால் தரையில ஊணக்கூடாது, பக்கத்துக் கோட்டத் தொடக்கூடாது. எட்டாங்கிளாஸ்ல வாடகைச் சைக்கிள் எடுத்துட்டுப் போயி நின்னேன். மத்த பிள்ளைகெல்லாம் ஆடி ஆடி ஒவ்வொண்ணா விழுந்துச்சு, போயிச் சேந்துச்சு. நான் பாதித் தூரத்துல நிக்கேன். டெய்சி டீச்சர் மைக்க வச்சுக்கிட்டு, ஏட்டி வடிவு, போதும், வா, நீதான் ஜெயிச்சே, அடுத்த போட்டி வைக்கணும்னு கூப்பிடுதாவ, எனக்கு வர மனசில்ல. ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பா குடுத்தாவ. அதுக்குப் பிறகுதான் வேகமெல்லாம் வந்துச்சு, மாவட்டம், மாநிலம், ரயில்வே வேலை, ஏழு தங்கம். ஆனா ஏழையும் நின்னுதான் வாங்குனேன். என் கூட நிக்கறவளுக்கு ரெண்டாவது நிமிஷத்துல வெப்ராளம் வந்திரும். தொடை நடுங்கும், கண்ணு அங்கயும் இங்கயும் ஓடும், சரி என்ன ஆனாலும் ஆகட்டும்னு முன்னால போயிருவா. நான் பின்னாலயே போயி வாங்கிருவேன். ஒருத்திதான் நின்னா. இவ. போன வருஷம்.

வேண்டாம். அங்க போவாத. தொடையப் பாரு. இடது தொடை லேசா நடுங்குது, இன்னும் பரவால்ல. சர்தார்ஜி நடுவர் கயித்துல கட்டுன கடிகாரத்தக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு விரல் காட்டுதாரு. ரெண்டு நிமிஷம் பாக்கியாம். ஒரு நிமிஷந்தான் ஆயிருக்கா? கனகராஜ் சார் கோட்டுக்கு அந்தப் பக்கம் கையக் கட்டிக்கிட்டு நிக்காவ. ரெண்டு பேருக்கும் அவ்வோதான் கோச்சு, யாருக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது, குல்லாவ எடுக்காவ, போடுதாவ. சார், எம் பின்சக்கரத்தக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார். கேக்க முடியுமா? கேட்டா, ஏன், யாரு சொன்னாங்கற பேச்சு வரும். பிலோ சொன்னா சார். பிலோ எதுக்கு அப்படிச் சொன்னா? போன வருஷம் நான் சொன்னேன்லா, அதான் சொன்னா சார்.

வந்துட்டேன் பாத்தியா. சுத்திச் சுத்தி இங்கனதான் வந்து முட்டுது. ஹைதராபாத்து, அரையிறுதி. இதே போல நிக்கோம், இவ இதே போல மேல நிக்கா, ரெண்டு நிமிஷம் தாண்டிருச்சு, இவ அசையல. எந் தொடை நடுங்குச்சு. எனக்கு! ஏழு வருஷத்துல மொத தடவை. இவ மூஞ்சியப் பாத்தேன், பாலு குடிச்ச பிள்ளை கணக்கா இருக்கா, நாள் பூரா நிப்பா போலிருக்கு. அப்ப என் வாயி சொல்லிச்சு. நான் யோசிச்சுச் சொல்லல. சத்தியமா யோசிக்கல. யோசிக்காம வந்ததுன்னா உள்ள இருந்துதான் வந்திருக்கணும், அத நெனச்சா இன்னும் கேவலமா இருக்கு. "பிள்ளே, உன் பின்சக்கரத்தப் பாரு, டயர் எழும்புது." அக்கா சொன்னா, பாத்தா. தல குனிஞ்சா. நான் போயிட்டேன். விதியில எங்கயும் பேசக்கூடாதுன்னு கிடையாது. ஏமாத்துறதும் கிடையாது அது, அவ பாக்கணும்னு கட்டாயம் இல்லல்லா? பாக்காம இருந்திருக்கலாம்லா? நாப்பது மீட்டர் நான் முன்னால. அவ என்னப் பிடிக்கணும்னு பதறிப்போயி மிதிச்சா, டயர் எழும்பியிருக்கோன்னு பயம் வேற, கடைசி வளைவுல பெடல் சிமெண்டுல உரசி விழுந்தா. எனக்குச் சத்தந்தான் கேட்டுச்சு. கோட்டத் தாண்டிட்டுத்தான் திரும்பிப் பாத்தேன். கோட்டத் தாண்டிட்டுத்தான்.

காறை எலும்பு ரெண்டு துண்டு. தகடு வச்சு ஆறு ஆணி போட்டாவ. ஆஸ்பத்திரியில நான்தான் கூட இருந்தேன், அக்கா இல்லா. பாலுல ரொட்டிய நனைச்சு ஊட்டி விட்டேன். கனகராஜ் சார் வந்து கட்டில் ஓரத்துல உக்காந்து, ஏன் பிள்ளே, நிக்கிறப்போ போயிக் கீழ பாப்பாங்களா, எத்தனை தடவை சொல்லியிருக்கேன், எதுக்குப் பாத்தேன்னு கேட்டாவ. என் கையில ரொட்டி. பாலு சொட்டுது. சொல்லப் போறா, இந்தா சொல்லப் போறான்னு இருக்கு எனக்கு. அவ, "சும்மாதான் சார் பாத்தேன், என் தப்புதான்"னா. சொல்லிட்டு வாயத் தொறந்தா, அடுத்த துண்டுக்கு. நான் ஊட்டினேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம். சார், நான்தான் பாக்கச் சொன்னேன்னு. ஒரே ஒரு வரி. சார் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாவ, விளையாட்டுல இதெல்லாம் உண்டுதான், உன் மூளை யாருக்கு வரும் வடிவுன்னு சிரிச்சிருந்தாலும் சிரிச்சிருப்பாவ. அதுக்குத்தான் பயந்தேனோ என்னவோ. ஒரு வருஷமா அவ அதப் பத்திப் பேசல. குளிக்கறப்போ அந்தத் தழும்பு தெரியும், நான் சோப்பத் தேடுற மாதிரி திரும்பிக்கிடுவேன்.

இப்ப அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல. மரியாதைக்கு ஒரு 'ங்க' சேத்திருக்கா, அவ்வளவுதான் வித்தியாசம். வஞ்சம் வச்சுத்தான சொல்லுதா? ஒரு வருஷமா உள்ள வச்சு, ஆணி போட்ட தோளோட ஆறு மாசம் கையத் தூக்கப் படிச்சு, இறுதிப் போட்டி வரைக்கும் வந்து, மூணாவது ஓட்டம் வரைக்கும் காத்திருந்து சொல்லுதா. நானா இருந்தா சொல்லுவேன். அதாம் பிரச்சினை. நானா இருந்தா என்ன செய்வேன்னுதான் எனக்கு யோசிக்க வருது, அவளா இருந்தா என்ன செய்வான்னு யோசிக்க வரல. ஏன்னா நேத்து. நேத்துச் சாயங்காலம் ஹாஸ்டல் வராந்தாவுல உக்காந்து நான்தான் அந்த டயர ஒட்டினேன். குளிருக்குப் பசை டப்பாவுக்குள்ள கட்டி தட்டிப் போச்சு. வால்வு கிட்ட ஒரு சாண் தூரம் பசை போதல, வழிச்சு வழிச்சு மெலிசாத் தடவினேன். சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டு எதுத்தாப்புல உக்காந்திருந்தது யாரு? பிலோதான். "போதுமாக்கா? எங்கிட்ட புது டப்பா இருக்கு, தரவா?" "போதும் போதும், நான் ஒட்டாத டயரா, நீ பிடி ஒழுங்கா." இவ குடுத்து வாங்குறதான்னு ஒரு கொழுப்பு. அவளுக்குத் தெரியும் அந்த ஒரு சாண். அப்ப நிசமாவே எழும்புது. நிசமாவே எழும்பறதப் பாத்துட்டு, அக்கா விழுந்து சாகக் கூடாதுன்னு சொல்லுதா. இல்ல, பசை போதலன்னு தெரிஞ்சதாலதான் இந்தப் பொய்யத் தேர்ந்தெடுத்திருக்கா. ரெண்டும் சரியா வருது. எந்தப் பக்கம் பெரட்டுனாலும் சரியா வருது, எளவு. நல்லவளா இருந்தாலும் இதத்தான் சொல்லுவா, என்னைய மாதிரி இருந்தாலும் இதத்தான் சொல்லுவா. அன்னைக்கு நான் அந்த வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னைக்கு இவ சொன்னதும் கண்ண மூடிக்கிட்டுக் கையத் தூக்கியிருப்பேன். நம்பியிருப்பேன். நம்புறதுக்கு வழியில்லாமப் பண்ணினது அவ இல்ல.

ஒரு விரல். சர்தார்ஜி ஒரு விரல் காட்டுதாரு. ஒரு நிமிஷம். முதுகு விறைச்சுப் போச்சு. மூக்குத் தண்ணி உதட்டத் தாண்டி நாடியில வந்து சொட்டுது, உப்புக் கரிக்கி. எங்கம்மை மட்டும் இத டிவியில பாத்தா, போட்டதப் போட்டபடி விட்டுட்டு எறங்கி வாட்டின்னு கத்துவா. போன்ல எப்பவும் ஒரே கேள்விதான் அவளுக்கு. எப்பட்டி எறங்கப் போற? சாப்பிட்டியான்னு கூட ரெண்டாவதுதான் கேப்பா. இந்த வருஷம், அடுத்த வருஷம்னு பத்து வருஷமாச் சொல்லியாச்சு. எறங்கி? திருநெல்வேலி ஸ்டேஷன்ல விசாரணை ஜன்னலுக்குப் பின்னால எனக்கு ஒரு நாற்காலி இருக்கு, வருஷத்துல மூணு மாசம் போயி உக்காருவேன். கண்ணாடி, அதுல கை நுழையறதுக்கு ஒரு ஓட்டை. அனந்தபுரி எப்ப வரும், குருவாயூர் எப்ப வரும். ஒரு தடவை ஒருத்தர் உத்துப் பாத்துட்டு, நீங்க பேப்பர்ல வந்தவங்கல்லான்னாரு. ஆமான்னேன். அப்ப அனந்தபுரி எப்ப வரும்னாரு. எனக்கு அங்க உக்காந்தா மூச்சு முட்டுது. அதுக்குப் பயந்துதான் ஹைதராபாத்துல வாயத் தொறந்தேனா? அந்த நாற்காலிக்குப் பயந்தா ஒரு பிள்ளை எலும்ப ஒடிச்சேன்? இறுக்கிக் கட்டுனது கனகராஜ் சார்னு சொன்னேன், அவ்வோ கட்டுனது ரெண்டு காலத்தான். மத்ததெல்லாம் நான்தான் கட்டுனது. எட்டாவது தங்கம் வாங்குனா மட்டும் அவுந்திருமா? ஒன்பதாவது கேக்கும்.

அவளப் பாத்தேன். நேராப் பாத்தேன். ரெண்டு நிமிஷமா அவ சக்கரத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், மூஞ்சியப் பாக்கல. மூக்கு செவந்திருக்கு, அவளுக்கும் ஒழுகுது. வலது தோள் இடதக் காட்டிலும் கொஞ்சம் தாழ்ந்து நிக்கி, தகடு வச்ச தோள், குளிருல வலிக்கும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதோட நிக்கா. எனக்குத் தாங்கல. கேட்டுட்டேன். "சத்தியமாவா பிள்ளே?" சத்தம் வரல, காத்துதான் வந்துச்சு. அவளுக்குக் கேட்டுருச்சு. அவ கண்ண எடுக்காம, கோவமே இல்லாம, இட்டிலி வேணுமான்னு கேட்டா பதில் சொல்ற மாதிரி சொன்னா. "அன்னைக்கு நான் உங்ககிட்ட சத்தியமான்னு கேக்கலக்கா."

கேக்கல. ஆமா கேக்கல. நான் சொன்னேன், அவ பாத்தா. நடுவுல ஒண்ணுமே இல்ல. எனக்கு ரெண்டு நிமிஷமும் அம்பது கணக்கும் வேண்டியிருக்கு. அவளுக்கு ஒரு செகண்டு கூட வேண்டியிருக்கல. போகட்டும். பொய்யா இருந்தா எடுத்துட்டுப் போகட்டும், எட்டாவது ஆசியா எல்லாம் அவளே எடுத்துட்டுப் போகட்டும், அவளுக்கு நான் தர வேண்டியதுதான் அது. நான் குனிஞ்சேன். இடது அக்குளுக்குக் கீழ தலையக் கொண்டு போனேன். வால்வப் பாத்தேன். வால்வு கிட்ட அந்த ஒரு சாணப் பாத்தேன். மெலிசாத் தடவின பசை மஞ்சக் கோடா அப்படியே ஒட்டிக் கிடக்கு. டயர் எழும்பல. ஒரு நூல் எழும்பல. கல்லு கணக்கா இருக்கு. பொய்யி. சரி. ஆச்சு. இந்நேரம் வளைவத் தாண்டியிருப்பா. ஜனம் கத்தும் இப்ப. நான் நிமிரல. எனக்கு நிமிர மனசு வரல. அந்த டயரையே பாத்துக்கிட்டிருந்தேன், அதுக்குக் கீழ சிமெண்டுல எவனோ சாக்பீஸால ஒரு கோடு போட்டிருந்தான், பாதி அழிஞ்சிருந்துச்சு. யாரும் கத்தல. கடலைக்காரன் மட்டுந்தான் கத்துதான்.

நிமிந்தேன். நிக்கா. அங்கனயே நிக்கா. ஒரு விரக்கடை ஏறி ஒரு விரக்கடை எறங்கி, முன்சக்கரம் மேட்டப் பாத்துத் திரும்பினபடி, போகவே இல்ல அவ. முப்பது மீட்டர், நாப்பது மீட்டர், எவ்வளவு வேணும்னாலும் எடுத்திருக்கலாம். என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. கண்ணுல தண்ணி நிக்கி, குளிரான்னு தெரியல. "அன்னைக்கு நான் நிமிந்து பாத்தப்ப நீங்க இல்லக்கா," அப்படின்னா.

வாயத் தொறந்தேன். ஒரு வருஷமா அடைச்சுக் கிடந்தது உள்ள இருந்து வரணும்லா. ஏழு வருஷம் பேப்பர்காரனுக்கு, மந்திரிக்கு, யார் யாருக்கெல்லாமோ பேசுன வாயி. "தப்புதாண்டி பிலோ. நான் பண்ணுனது தப்பு"ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள விசில். சர்தார்ஜி கொடிய என்னப் பாத்து நீட்டுதாரு, மூணு நிமிஷம் முடிஞ்சுது, நீ போ, நீதான் முன்னால. பாதி வார்த்தை விசில்ல போயிருச்சு. அவளுக்குக் கேட்டுச்சா? கேக்கலியா? முன்சக்கரத்த நேராத் திருப்புனேன். மிதிச்சேன். மிதிக்காம இருக்க முடியாது, உருள ஆரம்பிச்சா இது நிக்காத சைக்கிள். ஒரு மிதி, ரெண்டு மிதி, காத்து மூஞ்சியில அறையுது, பின்னால அவ சக்கரம் எறங்கி என் முதுகுக்குப் பின்னால வந்து சேர்ற சத்தம் கேக்கு. முன்னால போறவ நொடிக்கொரு தரம் திரும்பிப் பாக்கணும், எந்தப் பக்கம் வாறா, எப்ப பாயுறான்னு, ஏழு தங்கமும் அப்படித்தான் வாங்குனேன், கழுத்து தன்னால திரும்பும். இன்னைக்கும் திரும்பப் பாத்துச்சு. விடல. எனக்கு எட்டாவது வேண்டாம்னு சொன்னா அது பொய்யி, வேணும், உயிரு போற மாதிரி வேணும், அதான் இந்த மிதி மிதிக்கேன். ஆனா திரும்பிப் பாக்க மாட்டேன். எந்தப் பக்கம் வேணும்னாலும் வரட்டும் அவ. பின்னால இருக்கா, அது போதும். மணி அடிக்கி. கடைசிச் சுத்து.